விற்க மறுக்கும் உரிமை: சோவியத் விவசாயம் சந்தையிலிருந்து கூட்டுப்பண்ணைக்குப் போன வழி

1928 ஜனவரியில் மாஸ்கோ தலைமையின் முன் இருந்த கணக்கு இது. அந்த அறுவடை ஆண்டில் அரசு அதுவரை கொள்முதல் செய்திருந்த தானியம் சுமார் 30 கோடி பூட். முந்தைய ஆண்டு இதே நேரத்தில் கிட்டத்தட்ட 43 கோடி. ஒரு பூட் என்பது 16.38 கிலோ; ஆக, ஏறத்தாழ 21 லட்சம் டன் பற்றாக்குறை. ஆனால் விளைச்சல் அந்த அளவுக்கு விழவில்லை. 1926-ல் 7.68 கோடி டன், 1927-ல் 7.23 கோடி டன். விளைச்சல் ஆறு சதவீதம் குறைந்த ஆண்டில் கொள்முதல் முப்பது சதவீதம் குறைந்திருந்தது.

மீதித் தானியம் எங்கும் மாயமாகவில்லை. விவசாயியின் வீட்டுக் களஞ்சியத்தில்தான் இருந்தது. ரஷ்யர்கள் அதை ‘அம்பார்’ என்பார்கள். நாம் சொல்லும் தானிய அம்பாரத்துக்கும் அதற்கும் மூலம் ஒரே பாரசீகச் சொல். அந்த அம்பாரின் கதவை எப்போது திறப்பது, என்ன விலைக்குத் திறப்பது என்று யார் முடிவு செய்வது? 1921 முதல் 1935 வரையிலான சோவியத் விவசாயக் கொள்கையை இந்த ஒரு கேள்வியை வைத்தே படிக்கலாம். விவசாயிகள் நிலத்தையும் கருவிகளையும் பொதுவில் சேர்த்து உழும் கூட்டுப்பண்ணையை, உற்பத்தியைப் பெருக்கும் ஏற்பாடாகப் பார்க்கும்போது பல முடிவுகள் புரியாத புதிராக இருக்கும். தானியத்தைத் தடையின்றி வெளியே எடுக்கும் ஏற்பாடாகப் பார்த்தால் அவை ஒவ்வொன்றும் தன் இடத்தில் பொருந்தும்.

வரி கட்டிய பிறகு மிச்சம் உன்னுடையது

உள்நாட்டுப் போர்க் காலத்தில் நடந்தது பறிமுதல். ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஓர் ஒதுக்கீடு. குடும்பத் தேவை போக ‘உபரி’ என்று அதிகாரிகள் கணித்ததை ஆயுதமேந்திய குழுக்கள் எடுத்துச் சென்றன. உபரி முழுவதும் போய்விடும் என்றால் உபரியை விளைவிப்பானேன்? விவசாயி விதைப்பைச் சுருக்கினார். தம்போவ் மாகாணத்தில் விவசாயிகள் கிளர்ந்தார்கள். 1921 மார்ச்சில் குரோன்ஷ்டாத் கடற்படைத் தளமே கலகத்தில் இறங்கியது. அதே மாதம் கூடிய கட்சியின் 10-வது மாநாட்டில் லெனின் பறிமுதலைக் கைவிட்டு, தானியமாகவே செலுத்தும் வரியைக் கொண்டுவந்தார். புதிய பொருளாதாரக் கொள்கையின் தொடக்கம் அதுதான்.

முந்தைய ஆண்டின் பறிமுதல் இலக்கு 42.3 கோடி பூட். புதிய வரியின் இலக்கு 24 கோடி. அளவு குறைந்தது முக்கியம்தான்; அதைவிட முக்கியம், வரி எவ்வளவு என்பது முன்கூட்டியே தெரிந்ததும், அதைக் கட்டிய பிறகு மிஞ்சுவது விவசாயிக்கே சொந்தம் என்பதும். அவர் அதைச் சந்தையில் விற்கலாம், பன்றிக்குப் போடலாம், அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம். முதல் ஆண்டில் இந்த மாற்றத்தின் பலன் எட்டவில்லை. வோல்கா பகுதியில் வறட்சியும், ஏற்கெனவே துடைத்தெடுக்கப்பட்ட களஞ்சியங்களும் சேர்ந்து பெரும் பஞ்சமாகின; சுமார் 50 லட்சம் பேர் மாண்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு நிலம் மீண்டது. 1922-ன் நிலச் சட்டத்தின்படி நிலம் தேசத்தின் சொத்தாகவே இருந்தது; உழுபவருக்கு அனுபோக உரிமை; குத்தகைக்கும் கூலியாள் வைப்பதற்கும் வரம்புக்குட்பட்ட அனுமதி. 1924-ல் நாணயம் நிலைபெற்றதும் வரி பணமாக வாங்கப்பட்டது.

அப்போதைய கிராமத்தையும் சற்றுப் பார்க்க வேண்டும். புரட்சியில் பண்ணையார் நிலங்கள் பிரிக்கப்பட்டதால் விவசாயக் குடும்பங்கள் பெருகி 1920-களின் நடுவில் ஏறத்தாழ 2.5 கோடியாகின. ஒரு குடும்பத்தின் நிலம் ஒரே இடத்தில் இராது. ஊர்ப் பொதுச்சபை பிரித்துக் கொடுத்த குறுகிய பட்டைகளாக ஊரைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும். மூன்றில் ஒரு பங்கு தரிசாக விடப்படும் மூவயல் முறையே பெரும்பாலான இடங்களில் நடந்தது. 1928-ல்கூட வசந்தகாலத் தானியத்தில் முக்கால் பங்கு கையால்தான் விதைக்கப்பட்டது. பாதிக்குச் சற்றுக் குறைவானது கையரிவாளாலும் நீண்ட பிடியுள்ள அரிவாளாலும் அறுக்கப்பட்டது. நாடு முழுவதிலும் டிராக்டர்கள் 27,000 அளவில்தான். இந்த விவசாயத்துக்குச் சீர்திருத்தம் வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. வழி எது என்பதில்தான் சண்டை.

கத்தரிக்கோலின் இரண்டு அலகுகள்

1923 இலையுதிர்காலத்தில் முதல் எச்சரிக்கை வந்தது. தொழிற்சாலைப் பொருள்களின் விலை ஏறிக்கொண்டே போக, விளைபொருள் விலை இறங்கிக்கொண்டே வந்தது. வரைபடத்தில் இரு கோடுகளும் திறந்த கத்தரிக்கோல் போல விரிந்ததால் டிராட்ஸ்கி வைத்த பெயர் நிலைத்துவிட்டது. 1913-ன் விகிதத்தோடு ஒப்பிட்டால் அக்டோபரில் தொழிற்பொருள் மூன்று மடங்குக்கு மேல் விலை கூடியிருந்தது. கலப்பை வாங்க அவ்வளவு தானியம் கொடுக்க வேண்டுமென்றால் விவசாயி கலப்பையே வாங்கமாட்டார், தானியத்தையும் விற்கமாட்டார். அரசு தொழிற்பொருள் விலையை வெட்டியது, ஆலைகளுக்கான கடனை இறுக்கியது, கத்தரிக்கோல் மூடிக்கொண்டது.

இந்த வெற்றியிலிருந்து தலைமை எடுத்துக்கொண்ட பாடம் அரைகுறையானது. தொழிற்பொருளின் விலையைக் குறைத்தே வைத்திருந்தால் போதும் என்று நினைத்தார்கள். 1926-27-ல் ஆலைகளில் முதலீடு பெருகி ஊர்களில் கூலிப் பணம் புழங்கத் தொடங்கியபோது, தேவைக்குக் கீழே விலை வைக்கப்பட்ட துணியும் ஆணியும் தோலும் நகரத்து வரிசைகளிலேயே தீர்ந்துபோயின. கிராமத்துக் கூட்டுறவுக் கடையில் விலை மலிவு, பொருள்தான் இல்லை. மக்கள் இதைப் ‘பொருள் பஞ்சம்’ என்றார்கள். அதே நேரத்தில் அரசு தானியக் கொள்முதல் விலையையும் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இறக்கியது. இறைச்சி, பால், ஆளி போன்றவற்றின் விலைகள் நன்றாக இருந்தன.

இப்போது ஒரு நடுத்தர விவசாயியின் இடத்தில் இருந்து கணக்குப் பாருங்கள். வரி கட்டப் பணம் வேண்டும்; அதற்கு ஒரு கன்றை விற்றால் போதும். தானியத்தை அரசுக்குப் போட்டால் குறைந்த விலை. தனியார் வணிகர் அதிகம் தருவார். பன்றிக்குப் போட்டால் அதைவிட அதிகம். விற்று வரும் ரூபிளுக்கு வாங்கவும் கடையில் ஒன்றுமில்லை. 1927-ல் பிரிட்டன் ராஜதந்திர உறவை முறித்ததும் போர் வரப்போகிறது என்ற வதந்தி வேறு. தானியத்தை வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். இதில் சதி எதுவும் தேவைப்படவில்லை. விலை தப்பாக இருந்தது, 2.5 கோடிக் குடும்பங்களில் பெரும்பாலோர் அதற்கு ஒரே மாதிரிப் பதில் சொன்னார்கள்.

கட்சிக்குள் இது தெரியாமலும் இல்லை. விவசாயி வளமானால்தான் தொழிலுக்குச் சந்தை கிடைக்கும், விலையைச் சரிசெய்து கூட்டுறவுகள் வழியாகப் படிப்படியாகப் போகலாம் என்றார் கட்சித் தலைவர்களில் ஒருவரான புகாரின். தொழில்மயமாக்கத்துக்கான மூலதனத்தை விவசாயத் துறையிலிருந்து, விலைகளின் ஏற்றத்தாழ்வு வழியாகவே திரட்டியாக வேண்டும் என்றார் கட்சியின் பொருளாதார அறிஞர் பிரியோபிரஷென்ஸ்கி. ஆனால் பலாத்காரத்தால் எடுப்பதை அவர் பரிந்துரைக்கவில்லை. ஸ்டாலின் தேர்ந்தெடுத்தது இந்த இரண்டையும் தாண்டிய பாதை.

சைபீரியப் பயணம்

1928 ஜனவரி நடுவில் ஸ்டாலின் ரயிலேறி நோவோசிபிர்ஸ்க், பர்னாவுல், ரூப்த்சோவ்ஸ்க், ஓம்ஸ்க் என மூன்று வாரம் சுற்றினார். அங்கே அவர் கையில் எடுத்தது குற்றவியல் சட்டத்தின் 107-வது பிரிவு. பதுக்கி விலையேற்றுபவர்களுக்கான பிரிவு அது. அதைத் தன் தானியத்தைத் தன் களஞ்சியத்தில் வைத்திருக்கும் விவசாயி மீது திருப்பினார். பறிமுதலாகும் தானியத்தில் கால் பங்கு ஊரின் ஏழைகளுக்குக் கடனாகப் போகும்; காட்டிக்கொடுக்க ஊருக்குள்ளேயே ஆள் கிடைக்க அது வழிசெய்தது. சந்தைகள் மூடப்பட்டன, வழிகளில் மறியல் போடப்பட்டது. தானியம் வந்தது. கொள்கை மாறிய தருணம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். பின்னால் வந்த தீர்மானங்கள் இதன் நீட்சி.

ஏனென்றால் பலாத்காரம் ஒரு முறை பலித்தால் அடுத்த முறைக்கு அதுவே நிபந்தனையாகிவிடும். உபரி பறிபோகும் என்று தெரிந்தவர் அடுத்த பருவம் குறைவாக விதைப்பார்; 1920-ல் பார்த்த அதே விளைவு. கோடையில் கொள்முதல் விலையை ஓரளவு உயர்த்தினார்கள், நம்பிக்கை திரும்பவில்லை. 1929 வசந்தத்தில் ‘யூரல்–சைபீரிய முறை’ வந்தது. ஊர்ச்சபையே ஒதுக்கீட்டை ஏற்று, பெரும்பங்கை வசதியான வீடுகள் மீது சுமத்த வேண்டும். கொடுக்காதவருக்கு ஐந்து மடங்கு வரை அபராதம், தவறினால் சொத்து ஏலம். நகரங்களில் ரொட்டிக்கு ரேஷன் அட்டை வந்துவிட்டது.

கூட்டுப்பண்ணைக்கு ஆதரவான வாதமாக ஸ்டாலின் 1928-ல் முன்வைத்தது புள்ளியியலாளர் நெம்சினோவின் ஓர் அட்டவணை. போருக்கு முன்பு விளைந்த தானியத்தில் 26 சதவீதம் கிராமத்தைவிட்டு வெளியே போனது, 1926-27-ல் 13.3 சதவீதம் மட்டுமே. பண்ணையார்கள் விளைச்சலில் 47 சதவீதத்தை விற்றார்கள். சிறு, நடுத்தர விவசாயிகள் இப்போது விற்பது 11 சதவீதம்தான். எனவே பெரிய பண்ணை வேண்டும் என்பது முடிவு. அட்டவணையின் அடிப்படை உண்மை சரி: நிலம் பிரிக்கப்பட்டதால் விவசாயி முன்பைவிட நன்றாகச் சாப்பிட்டார். ஆனால் இரு காலத்து எண்களும் ஒரே முறையில் கணக்கிடப்படவில்லை என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டினார்கள். விலை என்ற காரணம் அட்டவணையில் எங்குமே இல்லை.

1928 ஜூலையில் மத்தியக் குழுவில் ஸ்டாலின் இன்னும் வெளிப்படையாகப் பேசினார். விவசாயி தொழிற்பொருளுக்கு அதிகம் கொடுக்கிறார், தன் விளைபொருளுக்குக் குறைவாகப் பெறுகிறார். இது ஒரு வகைக் கப்பம், தொழில்மயமாக்கத்துக்காக இதைத் தற்காலிகமாக வசூலித்தே ஆக வேண்டும் என்றார். அந்தப் பேச்சு இருபது ஆண்டுகளுக்கு மேல் அச்சேறவில்லை. இதை விவசாயிகளை இராணுவ–நிலப்பிரபுத்துவ முறையில் சுரண்டுவது என்று கண்டித்த புகாரின், 1929 நவம்பரில் கட்சியின் உச்ச அமைப்பான அரசியல் குழுவிலிருந்து வெளியேற்றப்பட்டார்.

ஒரு குளிர்காலத்தில்

1929 ஜூனில் கூட்டுப்பண்ணைகளில் இருந்த குடும்பங்கள் நூற்றுக்கு நான்கு. அக்டோபரில் ஏழரை. 1930 ஜனவரியில் பதினெட்டு. மார்ச் முதல் தேதியன்று அறிக்கைகளில் 56. குளிர்காலத்தின் இரண்டே மாதங்களில், ரஷ்யக் கிராமத்தில் பனி முழங்கால் அளவுக்குக் கிடக்கும்போது, கோடிப்பேர் தங்கள் நிலத்தையும் குதிரையையும் ஒப்படைத்ததாகக் காகிதம் சொன்னது.

நடந்த விதம் இது. 1930 ஜனவரி 5 தீர்மானம் வோல்காவின் கீழ், நடுப் பகுதிகளுக்கும் வட காக்கசஸுக்கும் 1930 இலையுதிர்காலம், தவறினால் 1931 வசந்தம் என்று கெடு வைத்தது. மாவட்டச் செயலாளர்கள் ஒருவரையொருவர் முந்தக் கெடுவைத் தாமே சுருக்கிக்கொண்டார்கள். பின்தங்கினால் ‘வலது விலகல்’, அதாவது புகாரினைப் போல மிதவாதம், என்ற குற்றச்சாட்டு வரும், மிஞ்சிப்போனால் எதுவும் வராது. சுமார் 27,000 நகரத் தொழிலாளர்கள் பண்ணைகளை நடத்த அனுப்பப்பட்டார்கள். பலருக்கு உழவே தெரியாது. எந்த வடிவப் பண்ணை என்பதிலும் தெளிவில்லை. சேர்ந்து உழுவது மட்டும் பொதுவாக இருக்கும் சங்கம், நிலமும் உழவு மாடும் கருவிகளும் பொதுவாகும் ‘ஆர்த்தெல்’, எல்லாமே பொதுவாகும் கம்யூன் என மூன்று வகை இருந்தன. தீர்மானம் ஆர்த்தெலைச் சொன்னது. பல ஊர்களில் கடைசிப் பசுவும் கோழியும்கூடக் கொட்டிலுக்கு இழுத்துச் செல்லப்பட்டன. அவ்வளவு மிருகங்களுக்கும் கொட்டிலும் இல்லை, ஒரே இடத்தில் தீவனமும் இல்லை.

சேர மறுப்பவரை மடக்கக் கையாண்ட கருவி குலாக் ஒழிப்பு. ‘குலாக்’ என்றால் மூடிய கைமுஷ்டி. ஊரை நசுக்கும் வட்டிக்காரருக்கு வைத்த பழைய வசைச்சொல். 1930-ல் அதன் வரையறை இரண்டு பசு, ஒரு கூலியாள், ஒரு சிறு ஆலை என்று எங்கெங்கோ நீண்டது. அதுவும் பொருந்தாத ஏழைக்குக் ‘குலாக் கையாள்’ என்ற பட்டம் தயாராக இருந்தது. ஜனவரி 30 அரசியல் குழுத் தீர்மானம் மூன்று வகை பிரித்தது: முதல் வகை முகாமுக்கோ துப்பாக்கிக்கோ, இரண்டாம் வகை குடும்பத்தோடு வடக்கு, யூரல், சைபீரியா, கஜகஸ்தானுக்கு, மூன்றாம் வகை அதே மாவட்டத்தில் மட்டமான நிலத்துக்கு. முதல் வகைக்கு 60,000 பேர், இரண்டாம் வகைக்கு 1,50,000 குடும்பங்கள் என்று இலக்கும் வைக்கப்பட்டது. 1930, 1931 இரண்டு ஆண்டுகளில் இப்படித் தொலைதூரத்துக்குக் கட்டாயமாக அனுப்பப்பட்டவர்கள் 3,81,000 குடும்பங்கள், 18 லட்சம் பேர். நன்றாக விவசாயம் செய்யத் தெரிந்தவர்களில் பெரும் பகுதி இதில் போனது. பக்கத்து வீடு காலியானதைப் பார்த்தவர்கள் கூட்டுப்பண்ணை மனுவில் கையெழுத்துப் போட்டார்கள்.

எதிர்ப்பும் இருந்தது. 1930-ல் ரகசியப் போலீஸே பதிவு செய்த கலவரங்கள் 13,754. கலந்துகொண்டவர்கள் சுமார் 25 லட்சம். ஆண்களைச் சுடுவார்கள் என்பதால் பெண்கள் முன்னே நின்று விதைத் தானியத்தையும் மாடுகளையும் மீட்டார்கள். வசந்த விதைப்பே நின்றுபோகும் நிலை. மார்ச் 2-ல் ‘வெற்றியால் தலைசுற்றல்’ என்ற கட்டுரையை ஸ்டாலின் கட்சி நாளேடான பிராவ்தாவில் எழுதி, பழியை உள்ளூர் ஊழியர்கள்மேல் போட்டார். மக்கள் வெளியேறினார்கள், ஜூலைக்குள் 56 என்பது 24-க்குக் கீழே இறங்கியது. ஆனால் வெளியேறியவருக்குப் பழைய நிலம் திரும்பவில்லை, ஓரத்து மட்டமான பட்டையே கிடைத்தது. வரியும் ஒதுக்கீடும் தனியாருக்கு ஏறின. 1931-ல் மீண்டும் பாதியைத் தாண்டியது, 1937-ல் 93 சதவீதம்.

பொதுவாகப்போகும் மாட்டைக் கொடுப்பதைவிட அறுத்துச் சாப்பிடலாம் என்று கிராமம் முடிவு செய்திருந்தது. எஞ்சியவை தீவனமின்றிச் செத்தன. 1934 கட்சி மாநாட்டில் ஸ்டாலினே வாசித்த எண்கள்: 1929-லிருந்து 1933-க்குள் குதிரைகள் 3.40 கோடியிலிருந்து 1.66 கோடி, மாடுகள் 6.81 கோடியிலிருந்து 3.86 கோடி, ஆடுகள் 14.72 கோடியிலிருந்து 5.06 கோடி. குதிரை இங்கே வெறும் சொத்துக் கணக்கு இல்லை, உழவுச் சக்தி. 1.74 கோடிக் குதிரைகளுக்கு ஈடாக 1933 முடிவில் இருந்த டிராக்டர்கள் சுமார் 2,04,000. மொத்தச் சக்தி 31 லட்சம் குதிரைத்திறன். பிற்காலத்தில் சோவியத் ஆய்வாளர் பார்சோவ் கணக்கிட்டபோது, முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் விவசாயத்திலிருந்து தொழிலுக்குப் போன நிகர வளம் அதற்கு முன்பைவிடக் கூடவில்லை என்று தெரிந்தது. எடுத்ததில் பெரும்பகுதி, செத்த குதிரைகளின் இடத்தை நிரப்ப டிராக்டராகத் திரும்பிப் போயிருந்தது.

களத்தில் யார் முதலில்

கூட்டுப்பண்ணை இயங்கிய விதத்தில்தான் அதன் நோக்கம் வெளிப்படுகிறது. வேலைக்குக் கூலி கிடையாது. ‘வேலைநாள்’ என்ற புள்ளி பதிவாகும். எளிய வேலைக்கு ஒரு நாளைக்கு அரைப் புள்ளி, திறன் வேலைக்கு இரண்டு வரை. அறுவடை முடிந்ததும் களத்திலிருந்து முதலில் போவது அரசுக்கான கட்டாய ஒப்படைப்பு. பிறகு இயந்திர–டிராக்டர் நிலையத்துக்குத் தானியமாகவே கட்டணம். பிறகு விதை, தீவனம், இருப்பு. எல்லாம் போக மிஞ்சுவதை மொத்தப் புள்ளிகளால் வகுத்துப் பங்கு. தன் ஒரு நாள் உழைப்புக்கு எத்தனை கிலோ என்பது ஆண்டு முடிவில்தான் தெரியும். நம்மூரில் முன்பெல்லாம் அறுவடைக் கூலியைக் களத்திலேயே அளந்து கொடுத்துவிட்டுத்தான் மீதி நெல் வீட்டுக்குப் போகும். இங்கே வரிசை நேர்த் தலைகீழ். டிராக்டர்கள் பண்ணைக்குச் சொந்தமில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அவை அரசு நிலையத்தில் நின்றன. களத்தில் எவ்வளவு விளைந்தது என்பதை மாஸ்கோவுக்குச் சொல்லும் கண்களாகவும் அந்த நிலையங்கள் இருந்தன.

இந்த வரிசை எவ்வளவு கொடியது என்பது விளைச்சல் பொய்த்தபோது தெரிந்தது. 1930-ல் வானம் உதவியது, கொள்முதல் 2.21 கோடி டன், 1928-ன் அளவைப்போல இரண்டு மடங்கு. அந்த எண் வழக்கமாகிவிட்டது. 1931-ல் வறட்சியால் விளைச்சல் விழுந்தும் 2.28 கோடி டன் எடுத்தார்கள். இயந்திரக் கடனை அடைக்க அந்த ஆண்டு 52 லட்சம் டன் ஏற்றுமதியானது; உலகச் சந்தையில் கோதுமை விலை சரிந்திருந்ததால் அதே பணத்துக்கு அதிகத் தானியம் போக வேண்டியிருந்தது. பல இடங்களில் விதைத் தானியமும் போனது. உழவுச் சக்தி குறைந்து, விதைப்பு தாமதமாகி, களை மண்டி, 1932-ன் உண்மையான விளைச்சல் அரசு சொன்னதற்கு வெகு கீழே நின்றது.

அரசின் பதில், வயலில் கதிர் பொறுக்குபவரையும் சேர்த்துத் தண்டிக்கும் 1932 ஆகஸ்ட் 7 சட்டம்: மரண தண்டனை, தணிவான சூழலில் பத்தாண்டு. இலக்கை எட்டாத ஊர்கள் ‘கரும்பலகை’யில் ஏற்றப்பட்டன, அங்கே கடைச் சரக்கு நிறுத்தப்பட்டது. டிசம்பர் இறுதியில் உள்நாட்டுப் பாஸ்போர்ட் முறை வந்தது. கிராமத்தாருக்கு அது தரப்படவில்லை. 1933 ஜனவரி 22 உத்தரவு, உக்ரைன், வட காக்கசஸின் குபான் பகுதி விவசாயிகள் உணவு தேடி வெளியேறுவதைத் தடுத்தது. உக்ரைனில் மட்டும் 35 லட்சம் பேருக்கு மேல் இறந்தார்கள். நாடோடிகளாக மந்தை மேய்த்து வாழ்ந்த மக்களைக் கட்டாயமாக ஓரிடத்தில் குடியமர்த்தி, மந்தைகளையும் எடுத்துக்கொண்ட கஜகஸ்தானில் சுமார் 15 லட்சம். வோல்கா, வட காக்கசஸ் எல்லாம் சேர்த்தால் மொத்த இறப்பு 55 லட்சத்திலிருந்து 80 லட்சம் வரை மதிப்பிடப்படுகிறது. 1932-லும் ஏற்றுமதி அடியோடு நிற்கவில்லை; 17 லட்சம் டன் அளவுக்குப் போனது.

1933 ஜனவரியில் ஒப்படைப்பு ஹெக்டேருக்கு இவ்வளவு என்று நிலையான அளவாக்கப்பட்டது. 1921-ன் தானிய வரியைப் போலத் தெரிந்தாலும் ஒரு வேறுபாடு. அதே ஆண்டு முதல் விளைச்சலைக் களத்துக் கண்டுமுதலை வைத்து அளக்காமல், நிற்கும் பயிரைப் பார்த்து மதிப்பிடும் ‘உயிரியல் விளைச்சல்’ முறை வந்தது. 1933-க்கு அறிவித்தது 8.98 கோடி டன்; பின்னாளில் திருத்திய எண் 6.84 கோடி. அறுக்கும்போது உதிர்ந்ததும், வண்டியில் சிந்தியதும், மழையில் முளைத்ததும் விளைச்சலாகவே எண்ணப்பட்டன.

அரசு விட்டுக்கொடுத்த இடம் ஒன்று உண்டு. 1932 மே மாதம் கூட்டுப்பண்ணைச் சந்தைக்கு அனுமதி வந்தது; 1935-ன் மாதிரி விதிமுறை ஒவ்வொரு குடும்பத்துக்கும் கால் முதல் அரை ஹெக்டேர் கொல்லை நிலம், ஒரு பசு, ஒரு தாய்ப்பன்றி, பத்து ஆடு வரை, விரும்பிய அளவு கோழி என்று வரையறுத்தது. கிராமம் உயிர் பிழைத்தது அந்தக் கொல்லையால்தான். நகரம் சாப்பிட்ட பால், முட்டை, உருளைக்கிழங்கில் பெரும்பங்கும் அங்கிருந்தே வந்தது.

பொதுநிலத்துத் தானியத்துக்கு அரசு கொடுத்த விலை மட்டும், மற்ற விலைகள் பல மடங்கு ஏறிய பிறகும், ஏறத்தாழ அப்படியே கிடந்தது. ஸ்டாலின் இறந்து ஆறு மாதம் கழித்து, 1953 செப்டம்பரில், கட்சித் தலைமைக்கு வந்த குருஷேவ் கட்டாய ஒப்படைப்பு விலைகளைத் திருத்தினார். இறைச்சிக்கு ஐந்தரை மடங்கு, பாலுக்கு இரண்டு மடங்கு, உருளைக்கிழங்குக்கு இரண்டரை மடங்கு உயர்வு. 1928 ஜனவரியில் கேட்டிருக்க வேண்டிய விலைக் கேள்வியை மாஸ்கோ இருபத்தைந்து ஆண்டு கழித்துக் கையில் எடுத்தது.